கிருமி தெரியாமல் சொட்டு மருந்து வேண்டாம்

கதிர் அறுக்கும்போது நெல் தாள் கண்ணில் குத்திவிடுகிறது. கண் சிவந்து நீர் வடிகிறது, வெளிச்சம் கூசுகிறது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருக்கும் விவசாயி முதலில் போவது பக்கத்து மெடிக்கல் கடைக்குத்தான். கையில் கிடைப்பது ஓர் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து. புண்ணுக்குக் காரணம் பாக்டீரியா என்றால் அது உதவும். பூஞ்சை என்றால்?

மதுரை வட்டாரத்தில் இந்தக் கேள்வி மிக முக்கியமானது. 1994-இல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். 297 பேரிடம் கிருமி வளர்ந்தது. அவர்களில் 140 பேருக்குப் பாக்டீரியா மட்டும். 139 பேருக்குப் பூஞ்சை மட்டும். பாக்டீரியாவில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியேவும் பூஞ்சையில் ஃபியுசேரியமும் முதலிடத்தில் இருந்தன.

ஆன்டிபயாடிக் பூஞ்சையைத் தொடாது. பாக்டீரியா பெருகும்போது, முறுக்கிக் கிடக்கும் தன் டி.என்.ஏ.வைத் தளர்த்தியாக வேண்டும். அதைச் செய்யும் ஜைரேஸ் என்ற நொதியை மாக்சிஃப்ளாக்சசின் முடக்கிவிடுகிறது. செஃபசோலின், பாக்டீரியாவின் செல்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. பூஞ்சையின் சுவரோ வேறு பொருள்களால் ஆனது. அதன் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டீராலைப் பற்றிக்கொண்டு வேலை செய்யும் நேட்டமைசின் போன்ற மருந்துதான் அதற்குத் தேவை. அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், குறிப்பாக ஃபியுசேரியம் புண்களில், வோரிகோனசோல் என்ற மற்றொரு பூஞ்சை மருந்தைவிட நேட்டமைசினே நல்ல பலன் தந்தது.

சரியான இடத்தில் சேர்ந்தால் ஆன்டிபயாடிக் எவ்வளவு காக்கும் என்பதற்கும் மதுரையே சான்று. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்ததும் கண்ணுக்குள்ளேயே சிறிதளவு மாக்சிஃப்ளாக்சசின் செலுத்தும் முறையை அரவிந்த் பின்பற்றியது. ஏறக்குறைய 6 லட்சம் அறுவை சிகிச்சைகளை அலசிய ஆய்வு 2017-இல் வெளியானது. கண்ணுக்குள் சீழ்பிடிக்கும் கொடிய தொற்று, 10,000 பேருக்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது.

கருவிழிப் புண்ணில் கிருமியை அடையாளம் காண்பது பெரிய வித்தையல்ல. புண்ணை லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். செலவும் குறைவு. வட்ட அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் இந்தப் பரிசோதனை தினமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் மாக்சிஃப்ளாக்சசினும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது. விற்பனையைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர்கள் அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும்.

கண்ணில் தாளோ உமியோ பட்டு வலி தொடர்ந்தால், விவசாயிகள் அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும். பழைய பாட்டிலில் மிஞ்சிய மருந்தை ஊற்றாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் பூஞ்சைப் புண் இன்னும் மோசமாகும். மருந்து எழுதும் முன் புண்ணைச் சுரண்டிப் பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.