குதிரை சுமக்காத உரம்

ஏலக்காயும் காபியும் ஆண்டு வருமானம். போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணி, கொட்டகுடிச் சரிவுகளில் சிறு விவசாயியின் கைச்செலவுக்கு உதவுவது இரண்டு மாதத்தில் காய்க்கும் பீன்ஸ், அவரை போன்ற பயிர்கள்தான். அந்தப் பயிருக்கும் யூரியாவை அள்ளிக் கொட்டும் பழக்கம் இனியும் தொடரக் கூடாது.

பூக்கும் பருவத்தில் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தை ரைசோபியம் பாக்டீரியா செடிக்கு ஊட்டுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். யூரியா மிகுந்தால் முடிச்சு குறையும். இலை தழைக்கும், காய் சிறுக்கும். சரிவில் கரையும் மிச்ச உரம் மழையோடு கொட்டகுடி ஆற்றில் இறங்கி, வைகைக்குப் போகிறது.

விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் ரூ.266.50-க்குக் கிடைக்கிறது. மலைப் பீன்ஸுக்குப் பரிந்துரைக்கப்படும் தொழுவுரமோ எக்டருக்கு 25 டன். சாலை எட்டாத ஊருக்கு ஒரு மூட்டையைக் குதிரையில் ஏற்றிவிடலாம். 25 டன்னை எப்படி ஏற்றுவது?

சுமக்க முடியாத உரத்தை அங்கேயே வளர்ப்பதுதான் வழி. ஏலத்தோட்டத்து அடர்நிழலில் பீன்ஸ் வராது. வெயில் விழும் இளம் காபி, இலவ மர வரிசைகளுக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்காக விதைக்கலாம். அறுவடை முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலும் கொடியை மூடாக்காகவும் விட வேண்டும். மண்ணும் நிற்கும், அடுத்த பயிருக்குச் சத்தும் சேரும்.

யூரியாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மொச்சை, தட்டைப்பயறு அளவுக்குப் பீன்ஸ் தழைச்சத்தை நிலைநிறுத்தாது. தொடக்கத்தில் அளவோடு கொடுத்தாக வேண்டும். அந்த அளவைச் சொல்ல வேண்டியது மண் பரிசோதனை. பக்கத்துத் தோட்டக்காரர் அல்ல.

எனவே தோட்டக்கலைத் துறை மண் பரிசோதனை முடிவை விதைப்புக்கு முன்பே கையில் தர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களில் யூரியா மூட்டைக்குப் பக்கத்திலேயே ரைசோபியம் பொட்டலமும் இருக்க வேண்டும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, சமவெளியில் அல்லாமல் சரிவிலேயே ஊடுபயிர்ச் செயல்விளக்கத் திடல் அமைக்க வேண்டும். மூட்டைக்கு மானியம் தரும் அரசு, மண்ணைக் காக்கும் ஊடுபயிருக்கும் ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகை தரட்டும். மலிவாகக் கிடைப்பதைத்தான் விவசாயி வாங்குவார். எதை மலிவாக்குவது என்பது அரசின் கையில் இருக்கிறது.