ஃபிஷரின் பெயரை எடுத்துவிட்டார்கள். சாதியின் பெயரைச் சொல்ல நமக்கென்ன தயக்கம்?

'சொசைட்டி ஃபார் தி ஸ்டடி ஆஃப் எவல்யூஷன்' என்பது 1946இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பரிணாமவியலாளர்களின் சங்கம். பரிணாமம் பற்றி ஆய்வு செய்கிற எவருக்கும் தன் கட்டுரை ஒன்றாவது அதன் 'எவல்யூஷன்' இதழில் வந்துவிடாதா என்ற ஏக்கம் இருக்கும். எனக்கும் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து உருவாகி அந்த இதழில் வெளியாகும் சிறந்த கட்டுரைக்குச் சங்கம் ஒரு பரிசு தருகிறது. ஆர்.ஏ. ஃபிஷர் பரிசு என்று அதற்குப் பெயர் இருந்தது. 2020இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். பரிசு இருக்கிறது, ஃபிஷர் இல்லை. அதே ஆண்டு ஜூனில் வட அமெரிக்கப் புள்ளியியல் சங்கங்களின் தலைவர்கள் குழுவும் தன் உயரிய விருதிலிருந்து ஃபிஷரின் பெயரை நீக்கியது. கேம்பிரிட்ஜில் அவர் படித்த கேயஸ் கல்லூரி, அவர் நினைவாக உணவுக்கூடத்தில் பதித்திருந்த வண்ணக் கண்ணாடிச் சன்னலைக் கழற்ற முடிவு செய்தது.

இதைப் பற்றி நம் ஊர் ஆய்வாளர்களிடம் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள்தான் வருகின்றன. ஒன்று, 'அது வெள்ளைக்காரன் பஞ்சாயத்து, நமக்கென்ன?' இன்னொன்று, 'ஒரு மேதையை இப்படியா அவமதிப்பது?' முதல் பதிலைச் சொல்கிறவர்களுக்கு வரலாறு தெரியவில்லை. இரண்டாவது பதிலைச் சொல்கிறவர்களுக்கு ஓரளவு தெரியும், அதனால்தான் பதறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஃபிஷர் மேதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் ஆய்வேட்டில் அவர் இல்லாத அத்தியாயமே கிடையாது. எஃப் சோதனையில் உள்ள எஃப் அவர்தான். பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால் நெறியாளர் முகம் மலர்கிறதே, அந்தக் கோட்டை வழக்கமாக்கியதும் அவர் 1925இல் எழுதிய புத்தகம்தான். வேடசந்தூர் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கி எந்த வேளாண் பண்ணைக்குப் போனாலும், நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் உரம் போட்டுப் பார்க்கும் சோதனை அவர் வகுத்த வழி. இதில் ஒன்றையும் யாரும் தூக்கியெறியச் சொல்லவில்லை. ஒரு இளம் ஆய்வாளரின் கழுத்தில் மாலையாகப் போடுவதற்கு அந்தப் பெயர் தகுமா என்பது மட்டும்தான் கேள்வி.

தகாது. யூஜெனிக்ஸ் எனும் இனமேம்பாட்டுக் கொள்கைக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, குடும்பத்து ஆள். 1911இல், மாணவராக இருந்தபோதே, கேம்பிரிட்ஜில் அதற்கொரு சங்கம் அமைத்தவர்களில் ஒருவர். 1933 முதல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் வகித்த பதவியின் பெயரே கால்டன் யூஜெனிக்ஸ் பேராசிரியர். இயற்கைத் தேர்வு பற்றி 1930இல் அவர் எழுதிய புகழ்பெற்ற நூலின் கடைசி மூன்றில் ஒரு பங்கு மனிதர்களைப் பற்றியது: மேல்தட்டினர் குறைவாகப் பிள்ளை பெறுகிறார்கள், அதனால் நாகரிகங்கள் சரிகின்றன என்பது வாதம். பரிகாரமாகக் குடும்பப் படி தரச் சொன்னார். அதுவும் எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல, வருமானத்துக்கு ஏற்றபடி! அதிகம் சம்பாதிக்கிறவன் பிள்ளைக்கு அதிகப் படி. 'மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு' கருத்தடை செய்வதைச் சட்டபூர்வமாக்கப் பிரச்சாரம் செய்தார். உலகப்போர் முடிந்து, யூதர்களின் சாம்பல் ஆறிய பிறகும், 1952இல் யுனெஸ்கோ இனம் பற்றிய அறிக்கைக்குக் கருத்துக் கேட்டபோது, மனிதக் குழுக்கள் அறிவிலும் உணர்விலும் பிறவியிலேயே வேறுபட்டவை என்றுதான் எழுதி அனுப்பினார்.

'அந்தக் காலத்து மனிதர், இந்தக் கால அளவுகோலால் அளக்கலாமா?' என்பார்கள். சரி, அந்தக் கால அளவுகோலையே எடுப்போம். ஃபிஷர் யூஜெனிக்ஸ் நாற்காலியில் இருந்த 1936இல், லாகூர் மாநாட்டில் பேச எழுதி, மாநாடே ரத்தாகிவிட, தன் செலவில் அச்சடித்து வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இந்த வாதத்தை நேருக்கு நேர் எடுத்தார். சாதி என்பது ரத்தத்தைத் தூய்மையாக வைத்திருக்கும் யூஜெனிக்ஸ் ஏற்பாடு என்று அன்றைக்குச் சாதியின் வழக்கறிஞர்கள் மேற்கத்திய அறிவியலை இரவல் வாங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மரபியலாளர் பேட்சனையும் படித்திருந்த அம்பேத்கர் கேட்டது எளிய கேள்வி. கலப்பு மணம் ரத்தத்தைக் கெடுக்கும் என்கிறீர்கள், இருக்கட்டும். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் ரத்தம் எப்படிக் கெடும்? அதை ஏன் தடுக்கிறீர்கள்? பஞ்சாபின் பார்ப்பனரும் பஞ்சாபின் தீண்டத்தகாதவரும் ஒரே மரபுவழி, சென்னையின் பார்ப்பனரும் சென்னையின் பறையரும் ஒரே மரபுவழி என்றும் சொன்னார். 1948இல், ரிஸ்லி காலத்திலிருந்து வெள்ளை அதிகாரிகளும் அறிஞர்களும் சாதிவாரியாக மூக்கை அளந்து போட்டு வைத்திருந்த அட்டவணைகளையே எடுத்து, தீண்டாமைக்கும் இனத்துக்கும் சம்பந்தமில்லை என்று காட்டினார். அவர்கள் அளவெடுத்த நாடாவை வாங்கி அவர்கள் கழுத்திலேயே போட்ட காரியம் அது. ஃபிஷரின் காலத்தில் எதிர்க்குரல் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அம்பேத்கர் அந்தக் காலத்தில் வாழவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

வெள்ளைக்காரன் பஞ்சாயத்து என்பவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. ஃபிஷரின் நாற்காலிக்குப் பெயர் கொடுத்த ஃபிரான்சிஸ் கால்டன்தான் 1883இல் யூஜெனிக்ஸ் என்ற சொல்லையே உருவாக்கியவர். கைரேகையை ஆராய்ந்து 1892இல் புத்தகம் போட்டவரும் அவரே. இனத்துக்கு இனம் ரேகை மாறும் என்று எதிர்பார்த்துத் தேடினார், ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ரேகை மட்டும் போலீசின் கைக்குப் போனது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் ஆண்களை வரிசையில் நிறுத்தி ரேகை பதிய வைத்தார்கள். அதனால் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பேர். குற்றம் பிறப்பிலேயே வருகிறது, அப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது என்பது அந்தச் சட்டத்தின் அறிவியல். பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்தார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்தச் சட்டத்தின் மிச்சம். பிறப்பைக் குற்றமாக்கும் அறிவியல் எங்கள் சமவெளிக்குப் போலீஸ் தொப்பி போட்டுக்கொண்டு வந்தது இப்படித்தான்.

அதே உசிலம்பட்டி வட்டாரத்துக்குச் சுமார் எண்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு அறிவியல் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் ரத்த மாதிரிகள் எடுத்து, ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் தடயமான எம் 130 என்ற அடையாளத்தை அங்கே கண்டார்கள். அருமையான ஆய்வு. ஆப்பிரிக்கத் தாயின் பிள்ளைகள்தான் நாம் எல்லோரும் என்பதற்கு நம் மண்ணில் கிடைத்த சான்று. நாம் அதை என்ன செய்தோம்? 'இந்தியாவின் முதல் மனிதன் நம்மாள்' என்று சாதிப் பெருமையாக்கிக்கொண்டோம். எத்தனை பேர் என்னிடமே மார்தட்டிச் சொல்லியிருக்கிறார்கள்! எம் 130 ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில் இருக்கிறது. தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒற்றை நூல். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒரு ஆளுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. அதில் ஒரே ஒருவரின் கதையைத்தான் அது சொல்லும். மற்ற 1,023 பேர், பாட்டிகள் எல்லோரும் சேர்த்து, கணக்கிலேயே இல்லை. ரேகையை வைத்துப் பிறவிக் குற்றவாளி என்றார்கள், மரபணுவை வைத்துப் பிறவி மூத்தகுடி என்கிறோம். 'பிறவி' என்ற சொல் மட்டும் இடம் மாறவில்லை. இந்த நோய் ஒரு சாதிக்கு மட்டும் உரியதல்ல. ஆண்ட பரம்பரை பேசுகிற எல்லோருக்கும் இப்போது ஒரு டி.என்.ஏ. சான்றிதழ் வேண்டியிருக்கிறது.

ஃபிஷரின் விருதும் சன்னலும் போன அந்த 2020 ஜூனில்தான், 22ஆம் தேதி, உடுமலை சங்கர் கொலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எங்கள் மாவட்டத்துப் பழனியைச் சேர்ந்த கௌசல்யாவை மணந்ததற்காக, தலித் இளைஞரான சங்கர் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், கேமரா பார்த்திருக்க, வெட்டிக் கொல்லப்பட்டார். கீழ் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செ்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. யார் யாரோடு பிள்ளை பெறலாம் என்பதை அடுத்தவர் தீர்மானிப்பதுதான் யூஜெனிக்ஸ் என்றால், இங்கிலாந்தில் அதற்குக் குழு போட்டார்கள், மசோதா எழுதினார்கள். இங்கே அதற்கு அரிவாள் போதும்.

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். முதுகலை விலங்கியலில் மக்கள்தொகை மரபியல் ஹார்டி-வைன்பெர்க் விதியோடு தொடங்கும். 1908இல் ஹார்டி எழுதியது; நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டி. அந்த விதிக்கு முதல் நிபந்தனை, யார் யாரோடும் இணையலாம், தடையில்லை என்பது. நிபந்தனை மீறப்பட்டால் என்ன ஆகும் என்று அடுத்துக் கேட்க வேண்டும். நான் படித்த வகுப்பில் அதற்குப் பட்டாணியை உதாரணம் காட்டினார்கள், பழ ஈயைக் காட்டினார்கள், ஜெர்சி மாட்டைக் காட்டினார்கள். அறுபது பேர் உட்கார்ந்திருந்த அந்த அறையில் அறுபது பேரும் அந்த நிபந்தனையை மீறிப் பிறந்தவர்கள். அகமணத்துக்கு உலகிலேயே நீண்ட சோதனைச்சாலை சன்னலுக்கு வெளியே இருக்கிறது. சாதி என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. கேட்டபோது, 'அதெல்லாம் சோசியாலஜி தம்பி' என்று பதில் வந்தது. மறுநாள் ஆய்வகத்தில், அதே வாயிலிருந்து, 'கோட்டாவில் வந்தவர்களுக்குக் கை வராது' என்றும் வந்தது. அது மட்டும் பயாலஜி போலிருக்கிறது.

இந்தச் சங்கம் இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் இன்னொரு பரிசு தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கியின் பெயரில் இருக்கிறது. பழ ஈயை வைத்துப் பரிணாமத்தை விளங்கவைத்தவர். அவர் சாதியைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது நம் விலங்கியல் துறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? மனிதர்கள் மீது நடத்தப்பட்டவற்றிலேயே மாபெரும் மரபியல் சோதனை இந்தியச் சாதி அமைப்பு என்றார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல், இன்ன தொழிலுக்கு இன்ன பிறப்பு என்று மனிதர்களைச் 'சிறப்பாக்க' முயன்ற சோதனை. அது தோற்றது என்பது அவர் முடிவு. அவரைக் கோயிலில் வைக்க வேண்டாம். ஆனால் இந்த ஒரு பத்தியைப் பாடத்தில் வைக்கலாமே? அவருடைய மாணவர் லெவோன்டின் பெயரிலும் ஆய்வைத் தொடங்கும் மாணவர்களுக்கு அதே சங்கம் உதவித்தொகை தருகிறது. மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு குழுவுக்கு உள்ளேயே இருக்கிறது, குழுக்களுக்கு இடையில் அல்ல என்று 1972இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர்.

இந்தியத் தரவுகளும் இன்று கையில் இருக்கின்றன. சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்தில் எல்லோரும் எல்லோரோடும் கலந்தார்கள், அதற்குப் பிறகுதான் கதவு சாத்தப்பட்டது என்று 2013இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் உள்ளிட்ட குழு காட்டியது. சாதி அநாதியானது என்ற கதை அன்றோடு செத்திருக்க வேண்டும். 2017இல் அவர்களே 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து, அவற்றில் 81 குழுக்கள், சிறிய எண்ணிக்கையில் தொடங்கி உள்ளுக்குள்ளேயே மணந்ததன் விளைவை ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் கடுமையாகச் சுமக்கின்றன என்றார்கள். உதாரணமாக, வைசியர்களில் அறுவைச் சிகிச்சையின்போது தரும் தசைத் தளர்த்தி மருந்தை உடைக்கும் நொதி இல்லாதவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 'பார்த்தாயா, சாதிக்குச் சாதி ரத்தம் வேறுதான்' என்று இதையும் திரிக்க ஆள் கிளம்புவார்கள். எங்கோ ஒரு மூதாதையருக்குத் தற்செயலாக வந்த ஒரு கோளாறு, வெளியே போக வழியில்லாததால் உள்ளேயே சுற்றிப் பெருகியிருக்கிறது, அவ்வளவுதான். தேங்கிய குட்டையில் பாசி பிடித்தால் குட்டைக்குத் தனி ரத்தம் என்றா சொல்வோம்?

ஃபிஷர் பெயரை எடுத்தது சரி. ஆனால் அது அவர்கள் வீட்டுக் கணக்கு. பெயர்ப் பலகையை மாற்றுவதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை, தெருப் பெயரில் சாதியை அழித்துவிட்டுத் தெருவை அப்படியே வைத்திருக்கும் திறமை நமக்கு உண்டு. நான் கேட்பது அதைவிடச் சின்னது. மக்கள்தொகை மரபியல் பாடத்தில் ஹார்டி-வைன்பெர்க் விதிக்கு அடுத்த பக்கத்தில் 'சாதி' என்று ஒரு துணைத்தலைப்பு. மாதக்கணக்கில் உதவித்தொகை வராமல் ஆய்வகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில் (என் தொழிலில் இது வெறும் உவமை இல்லை) அதற்கான பயிற்சிக் கணக்குகளைக்கூட எழுதி வைத்தேன். பாடத்திட்டக் குழுவில் இருக்கும் எவர் கேட்டாலும் தருகிறேன். முதல் கணக்கு இது:

'ஒரு சமவெளியில் ஐம்பது குடும்பங்கள் தங்களுக்குள் மட்டுமே மணம் செய்துகொள்கின்றன. அவர்களில் ஒருவருக்கு ஒடுங்கிய நிலையில் ஒரு நோய் மரபணு இருக்கிறது. எழுபது தலைமுறை கழித்து, தாய்மாமன் அக்கா மகளை மணந்து பிறக்கும் ஒரு குழந்தையின் உள்மணக் கெழு குறைந்தது எட்டில் ஒன்று என்றால், அந்தக் குழந்தைக்கு அந்த நோய் வரும் வாய்ப்பை, பக்கத்துத் தெருவில் மணந்திருந்தால் பிறந்திருக்கக்கூடிய குழந்தையின் வாய்ப்போடு ஒப்பிடுக. பக்கத்துத் தெருவில் மணக்காததன் காரணத்தையும் எழுதுக.'