‘முன்ன மாதிரி இல்ல’: கார் ரேஸின் பழைய ரசிகர்களுக்கு என்ன குறை?

பாலக்காட்டுக்காரர்களுக்குப் பக்கத்து ரேஸ் டிராக், வாளையார் தாண்டி கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. இந்தப் பக்கம் ரொம்ப நாளாக ரேஸ் பார்ப்பவர்களிடம் கேட்டால், ‘முன்ன மாதிரி இல்ல’ என்பார்கள்.

என்ன மாறியது?

சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், ரோட்டில் ஓடும் ஃபியட், அம்பாசிடர்களையே மாற்றியமைத்து ஓட்டினார்கள். 1988-ல் கோவைக்காரர் கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’யை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் ரேஸுக்குள் வந்தது அதில்தான். இன்றைய இந்திய ஃபார்முலா 4 காரோ பிரான்ஸ் தயாரிப்பு. கூடவே நடக்கும் இந்தியன் ரேசிங் லீகில் ஐபிஎல் பாணி டீம்கள். ஓனர்களில் கங்குலியும் நாக சைதன்யாவும் உண்டு. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. இரவு ரேஸே நடந்தது.

நமக்கு மட்டும்தானா?

இல்லை. ‘ஸ்டாக் கார்’ என்றாலே ஷோரூமில் விற்கும் கார் என்றுதான் அர்த்தம். அமெரிக்காவின் நாஸ்கார் அப்படித் தொடங்கியதுதான். அங்கே 2014-ல் நாக்-அவுட் முறை, 2017-ல் ரேஸைத் துண்டாக்கும் ‘ஸ்டேஜ்’, 2022-ல் எல்லா டீமுக்கும் பொதுவான பாகங்கள் கொண்ட கார் என வரிசையாக வந்தன. ‘ரேஸா, ஷோவா?’ என்பதுதான் அங்குள்ள பழைய ரசிகர்களின் கேள்வியும். அதே நாஸ்காரின் டிரக் சீரிஸில் 2010-ல் ரசிகர்கள் வாக்களித்து ‘மிகப் பிரபலமான டிரைவர்’ ஆக்கியது நம்ம நரேனைத்தான்!

குறை நியாயமா?

பாதி. 2001-ல் டேல் எர்ன்ஹார்ட் டேடோனாவில் இறந்த பிறகு வந்த பாதுகாப்பு மாற்றங்கள் உயிர்களைக் காத்தன. அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்பது, உள்ளே வர ஒரு வழி. மாருதி இன்ஜினில் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி இன்னும் இருக்கிறது. வெளிச்சம் மட்டும் இரவு ரேஸ் மேல்தான்.