கால் நொடியும் கால் வைக்கும் இடமும்



நம் ஆண்டு மலரில் காதல் கவிதை வரும். ஆசிரியர்களுக்கு நன்றி வரும். வேலையில்லாத் திண்டாட்டம் பற்றிக் கட்டாயம் ஒரு கட்டுரை வரும். "பைக்கில் போகும்போது காலை எங்கே வைக்க வேண்டும்?" என்று ஒரு கட்டுரை இதுவரை வந்ததாக எனக்கு நினைவில்லை. தலைப்பைச் சொன்னதும் மலர்க்குழு நண்பன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன்டா, ஃபுட்ரெஸ்ட்டுன்னு பேரே வச்சிருக்கான். அதுல ஃபுட்டை வை. கட்டுரை முடிஞ்சுது!" என்றான்.

அவன் சிரிக்கட்டும். நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். காலை ஒன்பது மணிக்கு நம் கல்லூரி வாசலில் பத்தே நிமிடம் நில்லுங்கள். வண்டியின் மாடலைப் பார்க்காதீர்கள், ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்காதீர்கள். பாதத்தை மட்டும் பாருங்கள். நான் நின்று பார்த்தேன். நான்கு கட்சிகள் தெரிந்தன.

முதல் கட்சி, பத்து பத்துக் கட்சி. கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிடம் ஆகும்போது முட்கள் எப்படி விரிந்து நிற்குமோ, அப்படி இரண்டு பாதமும் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். உள்ளங்கால் குழிவு ஃபுட்ரெஸ்ட்டில், விரல்கள் ரோட்டைப் பார்த்து.

இரண்டாவது, பிரேக்கை மிதித்தே வைத்திருக்கும் கட்சி. வலது கால் எப்போதும் பெடல் மேலேயே படுத்திருக்கும். பின்னால் சிவப்பு லைட் அணையவே அணையாது.

மூன்றாவது, தொங்கும் கட்சி. வண்டி கிளம்பி இருபது மீட்டர் போன பிறகும் இரண்டு காலும் தரையைத் தடவிக்கொண்டே வரும்.

நான்காவது, நெடுஞ்சாலைக் கட்சி. முன்னால் இருக்கும் லெக் கார்டு மேல் காலைத் தூக்கிப் போட்டு, ஈஸி சேரில் சாய்ந்த மாதிரி வருவார்கள். ரீல்ஸுக்கு அழகாகத்தான் இருக்கிறது.

இவர்களைக் கிண்டல் செய்ய எனக்கு அருகதை இல்லை. ஐந்தாம் செமஸ்டர் ஆரம்பம் வரை நானும் பத்து பத்துக் கட்சியின் தீவிரத் தொண்டன்.

லைசென்ஸ் வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு ரோட்டில் டிராஃபிக். முன்னால் போன மினி லாரிக்கும் மீடியன் கல்லுக்கும் நடுவில் ஒரு சந்து தெரிந்தது. ஹேண்டில்பார் நுழையும் இடத்தில் வண்டி நுழையும் என்பதுதானே நம் எல்லோருடைய கணக்கு? ஹேண்டில்பார் கல்லுக்கு மேலேயே இருந்ததால் தாராளமாக நுழைந்தது. வெளியே விரிந்திருந்த வலது பாதம் நுழையவில்லை. விரல் கல்லில் மாட்டிப் பாதம் பின்பக்கம் திரும்பியது. செருப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. வேடிக்கை என்னவென்றால் நான் கீழே விழக்கூட இல்லை. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. பாதத்தில் மட்டும் இரண்டு எலும்பு விரிசல்.

ஐந்து வாரம் மாவுக்கட்டு. ஒர்க்‌ஷாப் பிராக்டிகலில் எல்லோரும் ஜாப் முடித்துக்கொண்டிருக்க, நான் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அட்டெண்டன்ஸ் குறைந்து, அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுதினேன். தறி வேலைக்குப் போகும் அப்பா, தினமும் ஒரு மணி நேரக் கூலியை விட்டுவிட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் என்னைக் கொண்டுவந்து விட்டார். பார்க்க வந்த எல்லோரும், "எவ்வளவு ஸ்பீடுல போனே?" என்றுதான் கேட்டார்கள். அப்பா மட்டும் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காலை எங்கடா வச்சிருந்தே?"

இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருந்திருக்காது. அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. இந்தக் கட்டுரையே அதற்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

நாம் படித்த பாடம்தான்

நெம்புகோல் மூன்று வகை என்று படித்தோம். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது இரண்டாம் வகைக்கு உதாரணமாகச் சொல்லப்படும். ஆதாரப்புள்ளி முன்பாதம், நடுவில் உடம்பின் பாரம், பின்னால் குதிகாலை இழுக்கும் கெண்டைச்சதை. பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கினோம். வண்டியில் ஏறியதும் மறந்துவிட்டோம்.

கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டை, அதாவது முன்பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துப் பாருங்கள். கணுக்கால் மூட்டு வேலை செய்யத் தொடங்கும். பள்ளம் வரும்போது சீட்டிலிருந்து ஒரு அங்குலம் எழுந்தால் போதும். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் சேர்ந்து ஸ்பிரிங்காகவும் ஷாக் அப்சார்பராகவும் மாறும். உள்ளங்கால் குழிவை வைத்தால் கணுக்கால் லீவு போட்டுவிடும். பாரம் முழுவதும் முழங்காலுக்கும் முதுகுக்கும் போகும்.

"எழுந்து நின்றால் புவியீர்ப்பு மையம் கீழே இறங்கும், அதனால்தான் வண்டி ஆடாது" என்று சிலர் சொல்வார்கள். மெக்கானிக்கல் படிக்கும் நாம் அதை நம்பக்கூடாது. உடம்பு மேலே போனால் மையமும் மேலேதான் போகும். உண்மையில் நடப்பது வேறு. வண்டி குதிக்கும்போது உடம்பும் சேர்ந்து குதிக்காமல், இடையில் இருக்கும் கால் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அந்த வேலையை நன்றாகச் செய்ய முன்பாதம்தான் தோது.

இன்னொரு லாபமும் உண்டு. முன்பாதத்தை வைத்தால் பாதம் முழுவதும் பின்னால் போய் வண்டியோடு ஒட்டிக்கொள்ளும். விரல் வெளியே நீட்டாது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. அங்கே வண்டியைச் சாய்க்கும்போது முதலில் தரையை நெருங்குவது ஃபுட்ரெஸ்ட்டின் நுனிதான். அதனால்தான் பல வண்டிகளில் ஃபுட்ரெஸ்ட், தரையில் தட்டினால் மேலே மடங்கும்படி கீல் போட்டுச் செய்யப்படுகிறது. இரும்பே மடங்க வேண்டிய இடத்தில் நம் சுண்டுவிரலைத் தொங்க விடுகிறோம்!

அப்படியானால் பிரேக்?

இங்கேதான் எல்லோரும் என்னை மடக்குவார்கள். "முன்பாதத்தை வச்சா பிரேக் பெடல் எட்டாதே. டவுனுக்குள்ள குறுக்கே ஆடு வந்தா என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குச் சுமார் 11 மீட்டர் போகிறது. காலைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவரக் கால் நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 2.75 மீட்டர் போய்விடும். ஒரு பைக்கின் நீளத்தை விட அதிகம்! லெக் கார்டு மேல் கால் போட்டிருப்பவருக்கு ஒரு நொடியே ஆகலாம். அவர் வேகம் 60 என்றால், பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே சுமார் 17 மீட்டர் போயிருப்பார்.

ஆகவே என் கருத்து இது. காலுக்கு ஒரே இடம் கிடையாது, இரண்டு இடம் உண்டு. டவுனுக்குள், ஸ்கூல் பக்கம், சந்தைப் பக்கம் போகும்போது குழிவை ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, விரல்களைப் பிரேக் பெடலுக்கு நேர் மேலே, தொடாமல் வைத்திருங்கள். வெளியூர் ரோட்டில், மலைப்பாதையில், பள்ளம் மேட்டில் முன்பாதத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். இரண்டிலும் பொதுவான விதி ஒன்றுதான்: விரல் நேராக முன்னால் பார்க்க வேண்டும், குதிகால் வண்டியோடு ஒட்டியிருக்க வேண்டும்.

'தொடாமல்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படியுங்கள். பெடல் மேல் கால் பாரம் கிடந்தால் பிரேக் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே வரும். சூடேறிய லைனர், உண்மையில் வேண்டிய நேரத்தில் சரியாகப் பிடிக்காது. மைலேஜ் போவது தனி. லைட் எப்போதும் எரிவதால், நீங்கள் நிஜமாகப் பிரேக் போடும்போது பின்னால் வருபவனுக்குத் தெரியாது. இடது காலும் அப்படித்தான். கியர் லீவரில் பாரம் போட்டுக்கொண்டே ஓட்டினால் உள்ளே செலக்டர் ஃபோர்க் தேயும்.

இன்னொன்று. பிரேக் போட்டதும் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது. அதனால் வண்டியை அதிகம் நிறுத்துவது முன் பிரேக், அது கையில் இருக்கிறது. "முன் பிரேக் போட்டா தூக்கி அடிச்சிடும்" என்று பயந்தே பாதிப் பேர் காலை மட்டும் நம்பி ஓட்டுகிறோம். மணலில், சாய்ந்த வளைவில் திடீரென்று பிடித்தால்தான் ஆபத்து. நேர் ரோட்டில் சீராக அழுத்திப் பழகினால் அதுதான் துணை. 2019 ஏப்ரலில் 125 சிசி வரையுள்ள புது வண்டிகளுக்கு சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது, அதற்கு மேல் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. சிபிஎஸ் வண்டியில் காலால் மிதித்தாலே முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். அந்தப் பெடலில் தெரியாத்தனமாகக் கால் கிடப்பது இன்னும் தப்பு.

நம் அளவுக்கு வண்டி

கட்டுப் பிரித்த பிறகு வண்டியைத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் அண்ணன் என்னை வண்டியில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பெடல் உன் காலுக்கு ரொம்ப மேல இருக்கு. அதான் காலை வெளியே விரிக்கிற" என்றார். ஒரு ஸ்பேனரில் பெடலைக் கீழே இறக்கினார். கியர் லீவர் போல்ட்டைத் தளர்த்தி, ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளி மாட்டினார். பத்து நிமிட வேலை. காசுகூட வாங்கவில்லை. இத்தனை நாள் யாரோ ஒருவர் காலுக்கு வைத்த அளவில் நான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

செருப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷூ இல்லாமல் லேத் பக்கம் போனால் நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள். லேத் தரையில் போல்ட் போட்டு நிற்கும் மெஷின். அதற்கு ஷூ. அறுபதில் ஓடும் மெஷினுக்கு ரப்பர் செருப்பு! ஷூவை லாக்கரில் வைத்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு வண்டியை எடுக்கிறோம். நாமெல்லாம் டிப்ளமோ படிக்கிறோம் என்று வெளியே சொல்லலாமா?

நாலு ஃபுட்ரெஸ்ட், ஆறு கால்

பின்னால் உட்காருபவருக்கும் கால் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின் சீட் உள்ள பைக்கில் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. நாம் என்ன செய்கிறோம்? புது வண்டி வாங்கியதும் 'லுக்'குக்காகச் சேலைத் தடுப்பைக் கழற்றிப் பரணில் போடுகிறோம். ஒருபக்கமாக உட்காரும் அம்மா கால் வைக்கும் பலகையும் அதோடு பரணுக்குப் போய்விடுகிறது.

ட்ரிபிள்ஸ் போவதைப் பற்றித் தனியாகப் பிரசங்கம் வேண்டாம். ஃபுட்ரெஸ்ட்டை எண்ணுங்கள்: நாலு. கால்களை எண்ணுங்கள்: ஆறு. மிச்சம் இரண்டு கால் எங்கே தொங்குகிறது? சைலன்சர் பக்கத்திலா, சக்கரத்துப் பக்கத்திலா? மூன்று பேர் நெருக்கியதில் ஓட்டுகிறவன் டேங்க் மேல் ஏறி உட்காருகிறான். அவன் காலும் பெடலில் சரியாக இருக்காது. பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவு சொல்கிறது. போலீஸ்காரர் இல்லாத ரோட்டிலும் இந்தக் கழித்தல் கணக்கு மாறாது.

"முப்பது வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன், என்ன ஆயிடுச்சு?" என்று கேட்கும் மாமாக்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. அவர்களிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: "மாமா, பழைய புல்லட்ல வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். அதை விட்டுட்டு வேற வண்டிக்கு நீங்க பழகலையா?" கால் படித்துக்கொள்ளும். சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. எனக்கு மறுபடி பழக இரண்டு வாரம் ஆனது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் குனிந்து பாதத்தைப் பார்ப்பேன். இப்போது தானாக வருகிறது.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டிகளுக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டுகிறோம். இந்த வருஷம் அதற்கு முந்தைய நாள் சைக்கிள் ஸ்டாண்டில் ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்கள் ஸ்பேனரோடு அரை நாள் நிற்கட்டும். ஒவ்வொருவரையும் அவரவர் வண்டியில் உட்கார வைத்து, பெடலையும் லீவரையும் அவர் காலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கட்டும். செலவு எதுவும் கிடையாது. எங்கள் பிரிவிலிருந்து உதவிக்கு முதல் ஆளாக நான் வருகிறேன்.

இப்போது அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் முன் தவறாமல் ஒரு கேள்வி கேட்கிறேன்: "அம்மா, காலை வச்சுட்டியா?" "வச்சுட்டேன், போ" என்று பதில் வந்த பிறகுதான் கிளட்சை விடுவேன். அதே கேள்வியை நீங்கள் உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் நண்பர்களே. கேட்கக் கால் நொடி போதும்.

— ஐந்து வாரம் ஸ்டூலில் உட்கார்ந்த மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்