குடல் புற்றுநோய்: மரபணு தரும் அவகாசம்

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் முதுமையின் நோய் என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. அந்தக் கருத்து இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1990-களின் நடுப்பகுதியிலிருந்தே 50 வயதுக்கு உட்பட்டோரிடம் இந்நோய் அதிகரித்து வருகிறது. 'பிளாக் பேந்தர்' திரைப்பட நாயகன் சாட்விக் போஸ்மேன் 2020-இல் தமது 43-ஆம் வயதில் இந்நோயால் மறைந்தபோதுதான் பலர் இதைக் கவனித்தனர். மறு ஆண்டே, குடல் புற்றுநோய்க்கான முன்பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50-இலிருந்து 45-ஆக அந்நாட்டின் நோய்த் தடுப்பு வல்லுநர் குழு குறைத்தது.

இளம் வயதினரை இந்நோய் ஏன் தாக்குகிறது? 2025 ஏப்ரலில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான ஆய்வு ஒன்று இதற்கான விடையின் ஒரு பகுதியைக் கோடிட்டுக் காட்டியது. அதன் பொருளைப் புரிந்துகொள்ள, குடலில் புற்றுநோய் எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பெருங்குடலின் உட்சுவர் ஓய்வறியாதது. அதன் மேற்பரப்பு செல்கள் நான்கைந்து நாள்களில் உதிர்ந்து, புதியவை அவ்விடத்துக்கு வருகின்றன. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் முந்நூறு கோடி எழுத்துகள் கொண்ட டிஎன்ஏ படியெடுக்கப்படுகிறது. அதில் பிழை நேராதிருந்தால்தான் வியப்பு. பெரும்பாலான பிழைகள் உடனடியாகத் திருத்தப்படுகின்றன. எஞ்சியவற்றிலும் மிகப்பல எவ்விதத் தீங்கும் செய்வதில்லை. குறிப்பிட்ட சில மரபணுக்களில், ஒன்றன்பின் ஒன்றாகப் பிறழ்வு நேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் வோகல்ஸ்டைனும் எரிக் ஃபியரானும் 1990-இல் இந்த வரிசையை விளக்கினர். முதலில் பழுதாவது பெரும்பாலும் 'ஏபிசி' எனும் மரபணு. செல் பெருக்கத்துக்குத் தடைபோடும் காவலன் அது. அது செயலிழந்தால் குடல் சுவரில் 'பாலிப்' எனப்படும் சிறு வளர்ச்சி தோன்றும். அடுத்து 'கேராஸ்' மரபணுவில் பிறழ்வு நேர்ந்தால், வளர்க என்ற கட்டளை நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இறுதியில், பழுதான செல்லைத் தற்கொலைக்குத் தூண்டும் 'டிபி53' மரபணுவும் வீழ்கிறது. எல்லா நோயாளிகளிடமும் இதே வரிசை அச்சுப் பிசகாமல் நிகழ்வதில்லை. ஆனால், புற்றுநோய் ஒரே நாளில் வந்து விழும் இடியன்று, படிப்படியாகத் திரளும் ஒன்று என்பதை மரபணுக்களின் மொழியில் உலகுக்குக் காட்டியது இந்த ஆய்வு.

இந்தப் படிகளைக் கடக்க எவ்வளவு காலம் ஆகிறது? வோகல்ஸ்டைன் குழுவினரே 2008-இல் இதைக் கணக்கிட்டனர். தீங்கற்ற பெரிய கட்டியொன்று முற்றிய புற்றுநோயாக மாற ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகும். ஆனால், அவ்வாறு மாறிய பின் பிற உறுப்புகளுக்குப் பரவும் ஆற்றலைப் பெற இரண்டு ஆண்டுகள்கூட ஆவதில்லை. நாம் நோயைக் கண்டறிவது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளில்தான். முந்தைய 17 ஆண்டுகளில் பாலிப் நிலையிலேயே கண்டறிந்தால், கொலோனோஸ்கோபி செய்யும்போதே அதை அகற்றிவிடலாம்; நோய் உருவாகாமலே போகும்.

இனி, நேச்சர் ஆய்வுக்கு வருவோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லுட்மில் அலெக்ஸாண்ட்ரோவ் தலைமையிலான குழு, 11 நாடுகளிலிருந்து திரட்டிய 981 குடல் புற்றுநோய்க் கட்டிகளின் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்தது. ஒவ்வொரு நச்சும் டிஎன்ஏவில் தனக்கே உரிய தழும்பை விட்டுச்செல்லும். புகையிலைக்கு ஒன்று, புற ஊதாக் கதிருக்கு வேறொன்று. 40 வயதுக்குள் நோயுற்றோரின் கட்டிகளில், 'கோலிபாக்டின்' என்னும் நச்சின் தழும்பு, 70 வயதைக் கடந்தோரின் கட்டிகளைவிட 3.3 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. இந்த நச்சைச் சுரப்பது நம் குடலிலேயே குடியிருக்கும் இ.கோலை பாக்டீரியாவின் சில வகைகள். அந்தத் தழும்பு வாழ்வின் முதல் பத்தாண்டுகளுக்குள்ளேயே ஏற்பட்டிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அதாவது, பள்ளிப் பருவத்தில் முதல் படியைக் கடந்துவிட்ட குடல், அறுபதில் அடைய வேண்டிய இடத்தை நாற்பதிலேயே அடைந்துவிடுகிறது.

இது நிறுவப்பட்ட காரணமன்று, வலுவான தொடர்பு மட்டுமே என்பதை மறக்கலாகாது. இந்த பாக்டீரியாவைத் தாங்கிய எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. உடற்பருமன், மது, புகை, பதப்படுத்தப்பட்ட இறைச்சி ஆகியவற்றின் பங்கும் இதனால் குறைந்துவிடவில்லை. ஆயினும், 'மரபணுப் பிறழ்வு' என்றதுமே அதைத் தலையெழுத்து என எண்ணும் நம் வழக்கத்தை இந்த ஆய்வு கேள்விக்குள்ளாக்குகிறது. பிறழ்வுகளில் பெரும்பாலானவை பெற்றோர் தந்தவையல்ல, வாழ்நாளில் சேர்ந்தவை.

பெற்றோரிடமிருந்து வருபவையும் உண்டு. அவற்றின் கதை 1895-இல் ஒரு தையற்காரப் பெண்ணிடம் தொடங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நோய்க்குறியியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்த்தினிடம் அந்தப் பெண், தன் குடும்பத்தில் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டு இறந்ததாகவும், தானும் இளமையிலேயே இறந்துவிடுவேன் என்றும் கூறினார். அவ்வாறே கருப்பைப் புற்றுநோயால் இறந்தும் போனார். வேறொரு மருத்துவராக இருந்திருந்தால் அதை வீண் அச்சம் என ஒதுக்கியிருக்கக்கூடும். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913-இல் வெளியிட்டார். பின்னர் 1960-களில், ஒமாஹா நகரின் ஹென்றி லின்ச் இத்தகைய குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். புற்றுநோய் மரபுவழி வரலாம் என்பதை ஏற்க அன்றைய மருத்துவ உலகம் தயாராக இல்லை. 1993-இலும் அதற்கடுத்த ஆண்டிலும் எம்எஸ்எச்2, எம்எல்எச்1 மரபணுக்கள் அடையாளம் காணப்பட்ட பிறகே ஐயம் நீங்கியது.

டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்துவதே இந்த மரபணுக்களின் பணி. திருத்துபவரே இல்லாத அச்சகத்தில் பிழைகள் குவிவதைப்போல, இவை பழுதானால் பிறழ்வுகள் மளமளவெனப் பெருகும். 17 ஆண்டு அவகாசம் ஓரிரு ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். 'லின்ச் நோய்க்குறி' எனப்படும் இந்தப் பரம்பரைக் குறைபாடு ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு உண்டு. மேற்சொன்ன இரு மரபணுக்களில் ஏதேனும் ஒன்றில் பிறழ்வு உடையோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டு. அவர்களின் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அந்தப் பிறழ்வு கடத்தப்பட இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பிருக்கிறது. மிகப் பெரும்பாலோர் இதை அறியாமலேயே வாழ்கின்றனர்.

இதைக் கண்டறிய அறிவியல் அதிசயம் எதுவும் தேவையில்லை. அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டியிலிருந்து ஒரு மெல்லிய துண்டை எடுத்து, பிழைதிருத்தும் நான்கு புரதங்கள் அதில் உள்ளனவா எனச் சாயமேற்றிப் பார்ப்பதே முதல் சோதனை. புரதம் ஒன்று இல்லையென்றால் அடுத்தகட்டச் சோதனைகளும் இரத்தப் பரிசோதனையும் பரம்பரைப் பிறழ்வை உறுதிசெய்யும். இங்கிலாந்தில் குடல் புற்றுநோயாளிகள் அனைவருக்கும் இச்சோதனையைச் செய்ய வேண்டும் என 2017-இல் பரிந்துரைக்கப்பட்டது. பிறழ்வு உள்ள உறவினர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் கொலோனோஸ்கோபி செய்துகொண்டால், சுருங்கிப்போன அவகாசத்துக்குள்ளும் பாலிப்பைப் பிடித்துவிட முடியும். அன்றாடம் ஆஸ்பிரின் உட்கொள்வதும் பயன் தருகிறது. ஜான் பர்ன் தலைமையில் 861 பேரிடம் நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் எடுத்தோரில் 9 விழுக்காட்டினருக்கும் எடுக்காதோரில் 13 விழுக்காட்டினருக்கும் பின்னாளில் குடல் புற்றுநோய் வந்தது. மருத்துவரின் ஆலோசனையின்றி யாரும் இதைப் பின்பற்றலாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பிரின் இரைப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது.

அந்தச் சாயச் சோதனை நோயாளிக்கே உதவுவதும் உண்டு. பிழைதிருத்தும் ஆற்றலை இழந்த மலக்குடல் புற்றுநோய் உடைய 12 பேருக்கு, நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் டோஸ்டார்லிமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்து மட்டும் கொடுக்கப்பட்டது. 12 பேரிடமும் கட்டி அடியோடு மறைந்ததாக 2022-இல் வெளியான செய்தி புற்றுநோய் மருத்துவர்களையே திகைக்க வைத்தது. கத்தியில்லை, கதிர்வீச்சில்லை, வயிற்றில் ஆயுள் முழுதும் பை கட்டிக்கொள்ளும் துயரமில்லை. இந்த வகை மருந்துகளின் விலை நம் நாட்டில் சாமானியருக்கு எட்டாத உயரத்தில் இருப்பது வேறு கதை.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 70 ஆயிரம் பேருக்குப் புதிதாகக் குடல் புற்றுநோய் வருவதாக 2022-ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீடு கூறுகிறது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மேலை நாடுகளைவிட இது மிகக் குறைவு. எனவே, அரசின் முன்பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் இடம்பெற்று, குடல் புற்றுநோய் விடுபட்டதில் நியாயம் இருக்கிறது. 45 வயதைக் கடந்த ஒவ்வோர் இந்தியருக்கும் கொலோனோஸ்கோபி என்பது நடவாத செயல். ஆனால், ஏற்கெனவே நோயுற்ற 70 ஆயிரம் பேரின் கட்டிகளில் நான்கு புரதங்களைத் தேடுவது நடவாத செயலன்று. இன்று அந்தச் சோதனை நடப்பதும் நடவாததும் மருத்துவமனையைப் பொறுத்தும் நோயாளியின் பணப்பையைப் பொறுத்தும் அமைகிறது. அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பணம் தரும்போதே, இச்சோதனையையும் அதன் பகுதியாக ஆக்கிவிடலாம்.

அதற்கும் முன்னால் உள்ள தடை வேறு. மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலமாகத்தான் இருக்கும்' என்று நாமே முடிவுகட்டி, சுவரொட்டி விளம்பர வைத்தியரைத் தேடிச் செல்கிறோம். 35 வயதினருக்கு அப்படி நேர்ந்தால் மருத்துவர்களில் சிலரும் அதையே எண்ணுகின்றனர். 'உங்கள் வீட்டில் யாருக்காவது புற்றுநோய் உண்டா?' என்று கேட்கப்பட்டாலும் உண்மையான பதில் கிடைப்பது அரிது. பெண்ணுக்கு வரன் தேடும் வீட்டில் சித்தப்பாவின் நோய் 'வயிற்றுக் கோளாறு' ஆகிவிடும். மரபணுச் சோதனையின் முடிவு வேலையையோ மருத்துவக் காப்பீட்டையோ பாதிக்கக் கூடாது என அமெரிக்கா 2008-இலேயே சட்டமியற்றியது. இந்தியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லாத நிலையில், மறைப்பவர்களை மட்டும் குறை சொல்வது எளிது.

அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டியின் திசு, மெழுகில் பதிக்கப்பட்டு மருத்துவமனை ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பாதுகாக்கப்படுகிறது. நோயாளி இறந்த பிறகும்கூட அதில் இச்சோதனையைச் செய்ய முடியும். 50 வயதுக்குள் குடல் புற்றுநோய்க்கு ஒருவரைப் பறிகொடுத்த குடும்பத்தினர், அந்தத் திசுவைச் சோதிக்குமாறு ஆய்வகத்தை எழுத்துமூலம் கேட்கலாம்.