எத்தனை மணிக்கு ஓய்வு?

வாரத்தில் மூன்று நாள்கள் தம் கணவரை இரத்தச் சுத்திகரிப்புக்காக அழைத்து வரும் ஓர் அம்மையாரிடம், "நீங்களும் சற்று ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள், அம்மா" என்று ஒருநாள் கூறினேன். அவர் சிரித்தார். "எடுத்துக்கலாம் டாக்டர், எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நோயாளிகளிடமும் உடனிருப்போரிடமும் நான் சொல்லிவரும் அறிவுரை அது. மாத்திரை எழுதினால் அளவு எழுதுகிறேன். காலையா இரவா, உணவுக்கு முன்னா பின்னா என்று குறிக்கிறேன். ஓய்வுக்கு மட்டும் அளவும் இல்லை, வேளையும் இல்லை. "ஓய்வெடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்துவிடுகிறேன்.

அவர் கேட்டதற்கான விடை, நான் எதிர்பாராத ஓரிடத்தில் கிடைத்தது.

சென்ற ஆண்டு மருத்துவ மாநாடு ஒன்றிற்காக டோக்கியோ சென்றிருந்தேன். மாநாடு முடிந்த பின், குன்மா மாநிலத்தில் உள்ள குசாட்சு என்னும் மலையூரில், வெந்நீரூற்று விடுதி ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கினேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. ஊரின் நடுவே ஊற்றுநீர் ஆவி பறக்க மரக்கால்வாய்களில் ஓடி ஆறுகிறது. தெருவெங்கும் கந்தக மணம். நீரோ கடும் அமிலத்தன்மை வாய்ந்தது. 1876-ஆம் ஆண்டு ஜப்பானுக்கு வந்து, டோக்கியோவில் நெடுங்காலம் மருத்துவம் கற்பித்த ஜெர்மானிய மருத்துவர் எர்வின் ஃபான் பெல்ட்ஸ், இவ்வூரின் நீரையும் மலைக்காற்றையும் போற்றி எடுத்துரைத்தவர்.

விடுதி எளிமையானது. பாய் விரித்த அறை, உடுத்திக்கொள்ளப் பருத்தி அங்கி, சன்னலுக்கு வெளியே பைன் மரங்கள். குளிக்கும் நேரம், உணவு நேரம் யாவும் ஒரு தாளில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. கைப்பேசி ஒலிக்காத ஒரு மாலைப்பொழுதை நான் கண்டு பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

குளியலறைக்கு முன் உள்ள ஆடை மாற்றும் அறையில் ஒரு பலகை தொங்கியது. நீரில் உள்ள பொருள்களையும், யார் அதில் இறங்கக்கூடாது என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்பது அந்நாட்டின் சட்டம். வெந்நீரூற்றுகளுக்கென்றே 1948-இல் இயற்றப்பட்ட சட்டம் அது. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் கொண்டு படித்தேன். காய்ச்சலுடன் கூடிய நோய் உள்ளோர், சிறிது நடந்தாலே மூச்சு வாங்கும் அளவுக்கு இதய நோயோ நுரையீரல் நோயோ முற்றியோர், வீக்கத்துடன் கூடிய கடும் சிறுநீரக நோய் உள்ளோர், இரத்தக் கசிவு உள்ளோர் என்று பட்டியல் நீண்டது. என் புறநோயாளிகள் பிரிவின் வருகைப் பதிவேட்டைப் படிப்பது போலிருந்தது.

படித்தேனே தவிர, எனக்கும் ஒரு வரம்பு உண்டு என்று எண்ணவில்லை. இரண்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்பவன் நான். இருந்தும் அன்றிரவு இருபது நிமிடங்களுக்கு மேல் நீரில் அமர்ந்திருந்தேன். எழுந்தபோது கண்கள் இருண்டன. அருகில் இருந்த முதியவர் ஒருவர் என் முழங்கையைப் பற்றி, மணையில் உட்கார வைத்தார். அவர் மொழி எனக்குத் தெரியாது. அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினார். அது எனக்கு விளங்கியது.

நிகழ்ந்தது என்னவென்று மருத்துவ மாணவரும் சொல்வார். வெந்நீரில் தோலடி இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்த அழுத்தம் தாழ்கிறது. உடலைச் சுற்றியிருந்த நீரின் அழுத்தமும் நீங்க, திடீரென எழுந்து நிற்கும்போது மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. தெரிந்திருந்தும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

குசாட்சுவில் வழிவழியாக வந்த ஒரு குளியல் முறைக்கு முன்பு 'நேரக் குளியல்' என்றே பெயர் இருந்தது. குளிர்நீர் கலந்தால் ஊற்றுநீரின் தன்மை குறையும் என்பதால், நீண்ட பலகைகளால் நீரைக் கிளறி ஆற்றினார்கள். பின்னர் தலையில் பலமுறை வெந்நீர் ஊற்றி உடலைப் பழக்கி, ஏறத்தாழ 48 பாகை வெப்பமுள்ள நீரில் மூன்றே நிமிடங்கள் அமர்ந்தார்கள். கண்காணிப்பவர் எஞ்சிய நேரத்தை உரக்கச் சொன்னார். அனைவரும் ஒன்றாக எழுந்தார்கள். அவ்வளவு வெப்பத்தை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆயினும் அம்முறையில் இருந்த ஒழுங்கு என்னைச் சிந்திக்க வைத்தது. மருந்தை அளந்து தருவதுபோல் அவர்கள் நீரை அளந்து தந்தார்கள்.

வெந்நீரூற்று நோய் தீர்க்குமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. வெதுவெதுப்பான நீர் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்தும், மூட்டுவலியைச் சற்றுத் தணிக்கும், நல்லுறக்கத்துக்கு உதவும். நீரிழிவையோ சிறுநீரகச் செயலிழப்பையோ புற்றுநோயையோ அது தீர்க்காது. அதை நம்பி மருந்தை நிறுத்துவது பேராபத்து. பயணத்தில் இத்தகைய இடங்களுக்குச் செல்ல விரும்புவோர் முன்னதாகத் தம் மருத்துவரிடம் கேட்டறிக. நீரின் வெப்பம் 41 பாகைக்கு மிகாமலும், அமரும் நேரம் பத்து நிமிடங்களுக்கு மிகாமலும் இருக்கட்டும். மது அருந்தியோ, உணவு உண்ட உடனேயோ இறங்க வேண்டாம். தனியே செல்லாமல், மெல்ல எழுந்து வருக. இன்சுலின் செலுத்திக்கொள்வோர், ஊசி போட்ட இடம் வெந்நீரில் பட்டால் மருந்து விரைந்து உறிஞ்சப்பட்டுச் சர்க்கரை அளவு தாழக்கூடும் என்பதை மறவாதீர்.

இது பயணம் செல்வோருக்கு மட்டும் உரியதன்று. கால்வலிக்கு வாளி வெந்நீரில் கால்களை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் சூடு தெரியாமலே புண்பட்டு எம்மிடம் வருகிறார்கள். நீரின் சூட்டை, உணர்ச்சி குன்றாத மற்றொருவரின் கை சோதிக்கட்டும்.

மறுநாள் மாலை அந்தப் பலகையை மீண்டும் படித்தேன். அம்மையாரின் கணவர் அதில் இருந்தார். சிறுநீரக நோய் என்ற வரியில். அம்மையார் எந்த வரியிலும் இல்லை. எங்கள் மருத்துவமனையின் கோப்புகளிலும் அவர் இல்லை. நோயாளியின் இரத்த அழுத்தத்தை நாள்தோறும் குறிக்கிறோம். அவரைத் தாங்கி நிற்பவர் கடைசியாக எப்போது முழு இரவு உறங்கினார் என்று எந்தத் தாளிலும் குறிப்பதில்லை. இது எம்மவர் குறை. இதை நாங்களே திருத்த வேண்டும். ஓய்வு ஒரு மருந்து என்று நாங்கள் உண்மையில் நம்பினால், அதற்கு நாளும் நேரமும் அளவும் எழுத வேண்டும். அந்நேரத்தில் நோயாளியை யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். அதற்கு மலையூர் விடுதி தேவையில்லை.

ஊர் திரும்பியபின் அம்மையாரின் சீட்டில் எழுதினேன்: "செவ்வாய், சனி; பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை." உடன் வந்திருந்த மகனிடம் அதைக் கொடுத்து, அந்நான்கு மணி நேரம் அவருடைய பொறுப்பு என்றேன். அவர் மறுக்கவில்லை, இதுவரை எவரும் தம்மிடம் கேட்டதில்லை என்றார்.

அடுத்த மாதம் வந்தபோது அம்மையார் சொன்னார்: "முதல் வாரம் தூங்கினேன் டாக்டர். ரெண்டாவது வாரம் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

உங்களுக்கும் எவரேனும் ஓய்வெடுக்கச் சொன்னால், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள்.