கல்லாவை எண்ணிப் பார்த்தது யார்?

கந்தர்வக்கோட்டை கடைத்தெருவில், ராத்திரி கடையை அடைப்பதற்கு முன்னால் எந்தக் கடைக்காரரும் ஒரு வேலையை மறக்கமாட்டார். கல்லாவைக் கவிழ்த்து எண்ணுவார். நோட்டில் உள்ள கணக்கும் கல்லாவில் உள்ள காசும் ஒத்துப்போக வேண்டும். பத்து ரூபாய் குறைந்தால்கூட பையனைக் கூப்பிட்டு, "எங்கேடா போச்சு?" என்று கேட்பார்.

பத்து ரூபாய்க்கே இந்தக் கேள்வி. ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு?

ஒருத்தரும் கேட்கவில்லை! அதுதான் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் கதை.

"பழைய கதையாச்சே, இப்போ எதுக்கு?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் பகுதிப் பிள்ளைகள் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் போவது பெரும்பாலும் சாஃப்ட்வேர் வேலைக்குத்தான். இங்கே அப்பா கட்டும் வீட்டுக்கடன் தவணை அந்தச் சம்பளத்தை நம்பி ஓடுகிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனிலேயே ஷேர் வாங்குகிற காலம் இது. ஷேர் பக்கமே போகாத குமாஸ்தாவின் பி.எஃப். பணத்திலும் ஒரு பகுதி 2015 ஆகஸ்டு முதல் பங்குச்சந்தைக்குப் போகிறது. சென்செக்ஸ், நிப்டி பட்டியலில் உள்ள கம்பெனிகளில் அது போடப்படுகிறது. அந்தப் பட்டியலில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் உண்டு.

ஒரு காலத்தில் சத்யமும் அதே பட்டியலில் இருந்த கம்பெனிதான். அதை மறக்கக்கூடாது.

1987-ல் ஐதராபாத்தில் ராமலிங்க ராஜு தொடங்கிய கம்பெனி அது. வளர்ந்து வளர்ந்து நாட்டின் நான்காவது பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஆயிற்று. அமெரிக்கப் பங்குச்சந்தையிலும் ஷேர் விற்றது. சுமார் 50 ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள். நிர்வாகம் நேர்மையாக நடக்கிறது என்று 2008-ல் தங்க மயில் விருதுகூடக் கொடுத்தார்கள். பிறகு வெட்கப்பட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்!

அதே ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி டைரக்டர் போர்டு கூடியது. ராஜுவின் மகன்கள் நடத்திய மேட்டாஸ் என்ற இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலர் கொடுத்து வாங்க முடிவு செய்தார்கள். அன்றைய மதிப்பில் ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஒன்று கட்டுமானக் கம்பெனி, இன்னொன்று நிலம், வீடு விற்கும் கம்பெனி. சாஃப்ட்வேருக்கும் செங்கலுக்கும் என்ன சம்பந்தம்? 'சத்யம்' என்பதை ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிப் படித்தால் 'மேட்டாஸ்'. பெயரே தலைகீழ்!

பங்குதாரர்கள் கொதித்தார்கள். விடிவதற்குள் முடிவு வாபஸ் ஆனது.

சரியாக மூன்று வாரம். 2009 ஜனவரி 7-ந் தேதி ராஜுவே போர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாடே திடுக்கிட்டது. கணக்கில் ரொக்கமும் பேங்க் இருப்புமாகக் காட்டியது 5,361 கோடி. அதில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை! வராத வட்டி, மறைத்த கடன், ஊதிக்காட்டிய பாக்கி என்று எல்லாம் சேர்த்தால் ஓட்டை ஏழாயிரம் கோடியைத் தாண்டியது. ஒரு மூன்று மாதக் கணக்கை மட்டும் பாருங்கள். காட்டிய லாபம் 649 கோடி. உண்மையில் வந்தது 61 கோடி.

முதல் நாள் 179 ரூபாய்க்கு இருந்த ஷேர் அன்று மாலை 40 ரூபாய்க்கு வந்து நின்றது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர் கதி என்ன? மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தவர் கதி என்ன?

எப்படி இது நடந்தது? நெல் மூட்டை என்றால் குடோனில் போய் எண்ணலாம். சாஃப்ட்வேர் கண்ணுக்குத் தெரியாத சரக்கு. விற்காததை விற்றதாக ஆயிரக்கணக்கில் போலி பில். பணம் வந்ததாக போலி பேங்க் ரசீது. ஒரு பொய்யை மறைக்க அடுத்த காலாண்டில் அதைவிடப் பெரிய பொய். புலிவாலைப் பிடித்த கதைதான்!

இங்கேதான் நம் கேள்வி. போர்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சாமானியர்களா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இருந்தார். மத்திய அரசின் முன்னாள் கேபினட் செயலாளர் இருந்தார். பெரிய படிப்பு, பெரிய பெயர். அவர்கள் பணத்தைத் தொட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. மேட்டாஸ் விஷயத்தில் சில சந்தேகங்களையும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் கை தூக்கிவிட்டார்களே! இத்தனை ஆயிரம் கோடி பேங்கில் சும்மா கிடக்கிறது என்கிறீர்களே, அந்தப் பேங்கைக் காட்டுங்கள் என்று ஒருத்தர் அழுத்திக் கேட்டிருந்தால் பொய் அன்றே உடைந்திருக்கும்.

ஆடிட்டர் எதற்கு? இருப்பு எவ்வளவு என்று பேங்கிடமே நேராகக் கேட்டுச் சரிபார்ப்பது அவர் வேலை. அந்தச் சோதனையைச் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லி, அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2011-ல் ஆடிட்டர் நிறுவனத்துக்கு அபராதம் போட்டது. உலகப் புகழ் பெற்ற நிறுவனம்! நம் ஊர் சீட்டுக் கம்பெனிக் குமாஸ்தாவுக்கே தெரிந்த பாலபாடம் அது.

நல்லதும் நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். மத்திய அரசு பழைய போர்டைக் கலைத்தது. தீபக் பரேக், கிரண் கார்னிக் போன்றவர்களைப் போட்டது. தமிழகத்து ஆடிட்டர் டி.என்.மனோகரனும் அதில் ஒருவர். நிதி திரட்டிச் சம்பளம் கொடுத்தார்கள். வாடிக்கையாளர்களைப் பிடித்து நிறுத்தினார்கள். ஏப்ரலிலேயே டெக் மகிந்திரா ஷேருக்கு 58 ரூபாய் விலை சொல்லிக் கம்பெனியை ஏலத்தில் எடுத்தது. அதே கட்டிடம், அதே ஊழியர்கள். மாறியது போர்டு மட்டும்! தலைமை சரியாக இருந்தால் மூழ்கும் கப்பலும் கரை சேரும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

2015-ல் ராஜு உள்பட பத்துப் பேருக்கு ஏழாண்டு சிறைத் தண்டனை விதித்தது ஐதராபாத் தனிக்கோர்ட்டு. அப்பீல் போய், அடுத்த மாதமே ஜாமீனும் கிடைத்தது.

2013-ல் புதிய கம்பெனிச் சட்டம் வந்தது. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி போர்டில் மூன்றில் ஒரு பங்காவது வெளியார் இருக்க வேண்டும். அவர்கள் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் நீடிக்கக்கூடாது. ஒரே ஆடிட்டர் நிறுவனம் பத்து ஆண்டுக்கு மேல் தொடரக்கூடாது. எல்லாம் நல்ல விதிகள்தான். ஆனால் நாற்காலியில் உட்காருகிறவருக்கு வாய் இருக்க வேண்டுமே! 'ஆமாம் சாமி' போடுவதற்கு வெளியாள் எதற்கு? வீட்டாளே போதுமே!

நம் பங்குக்கும் கொஞ்சம் யோசிக்கலாம். ஆதனக்கோட்டையில் முந்திரி வாங்கினால் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்கிறோம். ஷேர் வாங்கும்போது மட்டும் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார் என்று கண்ணை மூடிக்கொள்ளலாமா? லாபம் என்று எழுதியிருக்கிறதே, அது காசாக வந்ததா? முதலாளி தன் ஷேரை அடகு வைத்திருக்கிறாரா? சொந்தக்காரர் கம்பெனிக்குப் பணம் போகிறதா? ஆடிட்டர் பாதியில் விலகினாரா? பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி இந்த விவரங்களை வெளியிட்டே ஆகவேண்டும். புரியாவிட்டால் படித்த பிள்ளைகளிடம் கேட்கலாம். அதில் வெட்கம் இல்லை.

இன்னொன்று. இது ஐதராபாத் சமாச்சாரம் மட்டுமல்ல. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கப் பேரவைக் கூட்டத்துக்குப் போகிறோம். டீயும் வடையும் வருகிறது. "கணக்கு வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். சத்யம் போர்டும் நாமும் அந்த இடத்தில் ஒன்றுதான்!

அடுத்த கூட்டத்தில் ஒருவராவது எழுந்து, "ஐயா, பேங்க் இருப்பு எவ்வளவு? பாஸ்புக்கைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்கட்டும்.

நேர்மையானவர் கோபப்படமாட்டார். கோபப்பட்டால், இன்னொரு முறை உரக்கவே கேட்கலாம்!